இருபத்தெட்டு அங்குலக் கனவு

இந்த வருஷம் ஜனவரி இரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கு நான் ஒரு மாபெரும் முடிவு எடுத்தேன். கடையில் தொங்குகிற துப்பாக்கியை வாங்கி வாங்கி அலுத்துவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எனக்கென்று அளவெடுத்து ஒன்று செய்துகொள்ள வேண்டும். அதன் குழலை நானே தேர்ந்தெடுக்க வேண்டும். நீளம், கனம், உள்ளே ஓடிக் குண்டைச் சுழலவைக்கும் முறுக்கு எல்லாம் என் இஷ்டம். யாரையும் கேட்கப்போவதில்லை.

யாரையும் என்றால் வெர்லாவை. வெர்லா என் மனைவி. வருகிற ஜூனில் முப்பது வருஷம் நிறைகிறது.

முடிவெடுத்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் எல்டன் தோர்சன். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன். மொன்டானாவில் எங்கள் பள்ளத்தாக்கில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை எவன் வீட்டை விட்டு வெளியே வரவேண்டுமானாலும் முதலில் நான் போக வேண்டும். முன்னால் வெள்ளை. பின்னால் வெள்ளை. இரண்டு பக்கமும் வெள்ளை. வேகம் மணிக்கு இருபது மைல். இந்த வேலையில் கனவு காணாதவன் தூங்கிவிடுவான். தூங்கிவிடக் கூடாதே என்றுதான் நான் கனவு காண்கிறேன். இதற்குப் பெயர் கடமை உணர்ச்சி.

அன்றைக்கு வந்த கனவு இது. அக்டோபர் கடைசி. பொழுது அப்போதுதான் புலர்கிறது. கழுதைக்காது முகட்டுக்கு எதிரே ஒரு தட்டைப் பாறையில் நான் குப்புறப் படுத்திருக்கிறேன். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி, ததும்பாமல், அசையாமல். அதற்கு அந்தப் பக்கம், எதிர்ச்சரிவில், எழுநூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு ஆண் எல்க் மான் நிற்கிறது. பக்கத்துக்கு ஆறு கிளையாகக் கொம்பு. அது மூச்சு விடுவது புகையாகத் தெரிகிறது. என் கையில் புதுத் துப்பாக்கி. இருபத்தெட்டு அங்குலக் குழல். கனமான குழல். அதன் நுனியில் கொஞ்சம் வெயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மான் என்னைப் பார்க்கிறது. நான் மானைப் பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் அவசரமே இல்லை.

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடப் பஸ். நான் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவைத்திருந்தேன்.

மறுநாளே ஓரின் கடைக்குப் போனேன். ஓரின் எங்கள் ஊர்த் துப்பாக்கி ஆசாரி. குழலை வெளியூர்ப் பட்டறையிலிருந்து தருவிப்பான். கட்டையை அவனே செதுக்கி, இரண்டையும் பூட்டித் தருவான். கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அதற்கு மேலாகத்தான் ஆளைப் பார்ப்பான்.

"குழல் வேணும்," என்றேன்.

"எத்தனை இஞ்சு?"

"இருபத்தெட்டு. கனமானது. உள்முறுக்கு எட்டு இஞ்சுக்கு ஒரு சுத்து."

"எதைச் சுடப் போற எல்டன், ரயிலையா?"

"தூரமா நிக்கிற எல்க்கை."

"பக்கத்துல வர்ற எல்க் எல்லாம் உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?"

நான் சிரிக்கவில்லை. குழல் விஷயத்தில் நான் சிரிப்பதில்லை.

"அவசரப்படாதே," என்றான் ஓரின். "கட்டைன்னா சீவலாம், இழைக்கலாம், ஒட்டுப் போடலாம். குழல் அப்படி இல்ல. எழுதி அனுப்பிட்டா அனுப்பினதுதான். வீட்டுக்குப் போய் நிதானமா யோசி. ஒரு தண்ணிக் குழாயை அந்த நீளத்துக்கு வெட்டி, ஒரு பலகையில கட்டிக் கையில வச்சுக்கிட்டுத் திரி. எது ஒத்துவரும்னு கையே சொல்லும்."

"சரி."

"இன்னொண்ணு. குழல் தபால்லதான் வரும்."

இதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தான். 

எங்கள் ஊர்த் தபாலாபீஸ் என்பது ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவள் வெர்லா. எந்தப் பொட்டலத்தையும் பிரிக்க மாட்டாள். பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கையில் தூக்கியதுமே உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துவிடும். ஒருமுறை பாதிரியாருக்கு வந்த பொட்டலத்தைக் கையில் வாங்கி, "தலைக்குப் போடுற சாயம்," என்று வீட்டில் வந்து சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் இருபது வயது குறைந்து பிரசங்கத்துக்கு வந்தார். அப்பேர்ப்பட்டவளிடம் ஒரு கெஜ நீளத்துக்கு இரும்புக் கனத்தில் ஒரு உருளை வந்தால் என்ன நடக்கும்?

ஏற்கெனவே எங்கள் அலமாரியில் ஏழு துப்பாக்கி இருக்கிறது. ஏழாவது வந்த அன்றைக்கு வெர்லா சத்தம் போடவில்லை. "எட்டாவது வரட்டும், வேண்டாங்கல. அது வர்ற அன்னிக்கு நீயும் அதுவும் கொட்டகையில படுத்துக்குங்க," என்றாள். அவள் சத்தம் போடாமல் சொல்வதெல்லாம் நடக்கும்.

இரண்டு நாள் பனி தள்ளிக்கொண்டே யோசித்தேன். மூன்றாம் நாள் மண்டைக்குள் மின்னல் அடித்தது. ஜூனில் முப்பதாவது கல்யாண நாள். துப்பாக்கியை வெர்லாவுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டால் என்ன? அவளுக்கென்று ஒரு பழைய துப்பாக்கி இருக்கிறது, அவள் அப்பாவுடையது. சுட்டால் கழுதை மாதிரி தோளில் உதைக்கும். அதனாலேயே அவள் மலையேறி ஒன்பது வருஷம் ஆகிறது. இனிமேலா ஏறப்போகிறாள்? பெயர் அவளுடையது. அலமாரி இருவருடையது. துப்பாக்கி என்னுடையது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வண்டியில் வேறு யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெர்லா அடுப்படியில் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"வெர்லா, நம்ம கல்யாண நாளுக்கு உனக்கு ஒரு துப்பாக்கி செஞ்சு தரலாம்னு இருக்கேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கா?"

"உனக்குத்தான்."

"அளவெடுத்தா?"

"அளவெடுத்து. ஓரின்கிட்ட."

"முப்பது வருஷத்துல நீ எனக்குத் தந்ததெல்லாம் ஞாபகம் இருக்கா எல்டன்? பத்தாம் வருஷம் பனிக்கட்டியில துளை போடுற மெஷின். இருபதாம் வருஷம் படகுக்கு மோட்டார். நமக்குப் படகு கிடையாது."

"அதெல்லாம் அறியா வயசு."

அவள் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. அடுப்புப் புகையாக இருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். என் தட்டில் நாலாவது பான்கேக் விழுந்தது. வழக்கமாக மூன்றோடு நிறுத்திவிடுவாள்.

"குழல் எத்தனை இஞ்சு?" என்றாள்.

"இருபத்தெட்டு."

"நீளமா இருக்குமோ?"

"தூரத்துக்கு அதான் நல்லது."

"உனக்குத் தெரியாததா. எனக்குன்னு செய்யறே, நான் ஒரு தடவை தூக்கிப் பாக்கலாம்ல?"

மறுக்க முடியுமா? ஓரின் சொன்னபடி கொட்டகையில் கிடந்த தண்ணீர்க் குழாயை இருபத்தெட்டு அங்குலத்துக்கு வெட்டி ஒரு பலகையில் கட்டிக் கொண்டுவந்தேன். வெர்லா ஐந்தடி ஒரு அங்குலம். அதைத் தோளில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். "எல்க் எந்தப் பக்கம் நிக்குது?" என்றாள். "இடது பக்கம்," என்றேன். இடது பக்கம் திரும்பினாள். விளக்கின் கண்ணாடி போனது. "இப்ப வலது பக்கம் ஓடுது," என்று அவளே சொல்லிக்கொண்டு வலது பக்கம் திரும்பினாள். அலமாரித் தட்டில் இருந்த காட்டுச்செர்ரி ஜெல்லி இரண்டு பாட்டில் தரைக்கு வந்தது. ஒன்று எனக்குப் பிடித்த ஜெல்லி. இன்னொன்றும் எனக்குப் பிடித்த ஜெல்லிதான்.

"தெரியாம பட்டுடுச்சு," என்றாள். "குழாய் நல்லாத்தான் இருக்கு. வீடுதான் சின்னது. வீட்டை இடிச்சுப் பெருசா கட்டணுமா, இல்ல ரெண்டு இஞ்சு குறைச்சாப் போதுமா? நீயே சொல்லு."

ரம்பத்தையும் அவளே எடுத்து நீட்டினாள். இரண்டு அங்குலம் அறுத்தேன்.

திங்கட்கிழமை வண்டியில் கனவு வந்தது. அதே பாறை, அதே மூடுபனி. ஆனால் எல்க் எதிர்ச்சரிவின் உச்சியில் இல்லை. யாரோ கூப்பிட்ட மாதிரி பாதிச் சரிவு வரை இறங்கி வந்து நின்றது. ஐந்நூறு கெஜம் இருக்கும். பரவாயில்லை, இருபத்தாறுக்கு ஐந்நூறு என்பது கௌரவமான தூரம்தான். ஒரு வேற்றுமையைக் கவனித்தேன். பாறையில் என் பக்கத்தில் ஒரு காபி ஃபிளாஸ்க் இருந்தது. நான் கொண்டுவந்ததாக ஞாபகம் இல்லை.

பிப்ரவரியில் கனத்துக்கு வந்தோம்.

"குழல் எதுக்குக் கனமா இருக்கணும்?" என்றாள் வெர்லா. மான் இறைச்சிக் கொத்துக்கறியைக் கையால் பிசைந்துகொண்டிருந்தாள்.

இதற்குத்தான் காத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினேன். மெல்லிய குழல் சுடச் சுடச் சூடேறும். சூடேறினால் குண்டு இடம் மாறி விழும். கனமான குழல் அப்படி இல்லை. ஆறு குண்டு, ஏழு குண்டு தொடர்ந்து சுட்டாலும் எல்லாம் ஒரே இடத்தில் போய் உட்காரும்.

"ஒரே எல்க்குக்கு ஆறு குண்டா?"

"இல்ல. ஒண்ணுதான்."

"ஒரு குண்டுல குழல் சூடாகுமா?"

"ஆகாது."

"எங்கப்பா ஒரு குண்டுக்கு மேல மலைக்கு எடுத்துட்டுப் போனதில்ல. நம்ம ஊர்ல எல்க்கைப் பாத்து ஆறு குண்டு சுடுறவனை என்னன்னு சொல்லுவோம்?"

நான் நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினேன்.

"எனக்கு மறந்துபோச்சு, அதான் கேக்கறேன்."

"குருடன்னு சொல்லுவோம்," என்றேன்.

"பாவம். கனமான குழல் அவனுக்குத்தான் தேவைப்படும்," என்று சொல்லிவிட்டு மறுபடி பிசைய ஆரம்பித்தாள். கனம் அன்றைக்கே போய்விட்டது. குழலை மெல்லியதாக்கச் சம்மதித்தேன். எப்போது சம்மதித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை. குழாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் உள்ள பைன் தோப்புக்குள் போய்வரலாம் என்றாள் வெர்லா. எல்க் வசிப்பது மரத்துக்குள்ளேதானே, பாறை மேல் இல்லையே என்றாள். தோப்பில் மரங்கள் சந்தை நாள் கூட்டம் மாதிரி நெருக்கியடித்து நிற்கும். அவள் முன்னால் போனாள். நான் இருபத்தாறு அங்குலத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். முதல் மரம் குழாயைப் பிடித்து இழுத்தது. இரண்டாவது மரம் என்னையே திருப்பி நிறுத்தியது. மூன்றாவது மரத்தின் கிளையில் குழாய் நுனி மாட்டி, நான் வேகமாக இழுக்க, அந்த மரம் குளிர்காலம் முழுக்கச் சேர்த்துவைத்திருந்த பனியை என் சட்டைக் காலருக்குள் ஒரே கொட்டாகக் கொட்டியது.

"சத்தம் போடாதே," என்றாள் வெர்லா முன்னாலிருந்து. "எல்க் ஓடிடும்."

"எல்க் இங்க ஏதுடி?"

"இப்ப இல்ல. இவ்வளவு சத்தத்துக்கு அப்புறம் எப்படி இருக்கும்?"

பனி முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் மனிதன் எதற்கும் ஒப்புக்கொள்வான். வீட்டுக்கு வந்து இரண்டு அங்குலம் அறுத்தேன். திரும்பி ஒரு தடவை போய்வந்து, இன்னும் இரண்டு அங்குலம் அறுத்தேன். இருபத்திரண்டு. அப்போதுதான் அவள் அந்தக் குண்டைப் போட்டாள்.

"இவ்வளவு ஆசையா செஞ்சு தர்றே. இந்த அக்டோபர் நானும் மலைக்கு வரேன் எல்டன்."

"எதுக்கு? குளிருமே. உன் தோள்பட்டை?"

"தோள்பட்டையை உதைக்கிறது அப்பா துப்பாக்கி. இது எனக்குன்னு அளவெடுத்துச் செய்றது, உதைக்காதுன்னு நீதானே சொன்னே?"

சொல்லியிருந்தேன். ஜனவரியில், நாலாவது பான்கேக்கின் உற்சாகத்தில்.

"ஒன்பது வருஷமா ஒவ்வொரு அக்டோபரும் நீ வண்டியில ஏறிப் போறதை ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றாள் வெர்லா. அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. "எனக்கும் அந்த விடியக்காலை பிடிக்கும். நான் அதைச் சொன்னதில்ல. நீயும் கேட்டதில்ல."

எனக்குக் கொஞ்சம் சங்கடமாகப் போய்விட்டது. நிஜமாகவே கேட்டதில்லை. அதோடு, எனக்குப் பயமும் வந்துவிட்டது. அவள் வந்தால் துப்பாக்கி அவள் கையில் இருக்கும். என் கையில் என்ன இருக்கும்?

கனவு பதில் சொன்னது. அடுத்த வாரம் கடைசிப் பனி தள்ளிக்கொண்டிருக்கும்போது பாறைக்குப் போனேன். மூடுபனி மெதுவாகக் கலைந்துகொண்டிருந்தது. எல்க் பள்ளத்தாக்கைத் தாண்டி, ஓடையைத் தாண்டி எங்கள் பக்கத்துப் புல்வெளிக்கே வந்துவிட்டது. நூறு கெஜம்கூட இல்லை. பாறையில் குப்புறப் படுத்திருந்தவள் வெர்லா. கன்னத்தில் கட்டையை ஒட்டி, ஒரு கண்ணை மூடி, அமைதியாக, அழகாக இருந்தாள். அவள் பின்னால் ஒருவன் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரது என்று உற்றுப் பார்த்தேன். நான்தான். மான் அவளைப் பார்த்தது. அவள் மானைப் பார்த்தாள். என்னை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

இருபத்திரண்டில் நின்றுவிடுவது என்று தீர்மானித்தேன். ஆண்பிள்ளைக்கு ஒரு எல்லை வேண்டும். என் எல்லை இருபத்திரண்டு அங்குலம்.

ஏப்ரல் கடைசியில் வெர்லா துணி மடித்துக்கொண்டே கேட்டாள், "இருபது போதாதா?"

"போதாது. ஒரு இஞ்சு குறைஞ்சா குண்டோட வேகம் நொடிக்கு இருபத்தஞ்சு அடி குறையும். இது விஞ்ஞானம் வெர்லா. இதுல பேரம் கிடையாது."

"அப்படியா. அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்கு மேல தேவைப்படும்?"

"ஒரு நானூறு கெஜத்துக்கு மேல."

"சரி. உன்னோட முதல் எல்க் எவ்வளவு தூரத்துல?"

"தொண்ணூறு கெஜம்."

"ரெண்டாவது?"

"நூத்துப் பத்து."

"நம்ம கூரை ஒழுகின வருஷம் ஒண்ணு அடிச்சியே?"

"அது அறுபது."

"போன வருஷம்?"

நான் காலுறைக்கு ஜோடி தேடினேன்.

"தோர்சன்," என்றாள். குடும்பப் பெயர் வந்துவிட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நாப்பது," என்றேன். "நான் சாண்ட்விச் தின்னுக்கிட்டிருந்தேன். அதுவா வந்துச்சு."

வெர்லா துணிக் குவியலைக் கிளறினாள். என் காலுறைக்கு ஜோடியை எடுத்துக் கொடுத்தாள். முப்பது வருஷம் வேட்டையாடியவன் தன் வாயாலேயே தன் தூரங்களைச் சொல்லிக் கேட்பது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குத் தெரியாது. கொட்டகைக்குப் போனேன். ரம்பம் இருந்த இடம் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிந்தது. அறுத்தேன்.

அன்றைக்கு மதியம் சோபாவில் கண் அயர்ந்தபோது பாறையே வரவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லை வந்தது. இளவெயில். எல்க் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று வெர்லாவின் முட்டைக்கோஸை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. இருபது அடி இருக்கும். நான் அடுப்படி ஜன்னலுக்குள் நின்று தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் மனசு லேசாகத்தான் இருந்தது. முட்டைக்கோஸ் தின்னும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மே பதினைந்தாம் தேதி ஓரின் கடைக்குப் போனேன். நாலரை மாதம் யோசித்து எடுத்த முடிவைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

"முடிவு பண்ணிட்டேன் ஓரின். எழுதிக்கோ. குழல் மெல்லிசு. முறுக்கு எட்டுக்கு ஒண்ணு. நீளம் இருபது இஞ்சு."

ஓரின் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தான். "இருபதா? நல்லாத் தெரியுமா? இருபத்திரண்டு இல்லையே?"

"இருபது."

அவன் முகம் வாடிவிட்டது. பெருமூச்சு விட்டான். "இன்னிக்கு என்ன தேதி எல்டன்?"

"பதினஞ்சு."

"மாசம்?"

"மே."

"வேட்டை எப்ப?"

"அக்டோபர் கடைசி."

"இன்னிக்கு எழுதி அனுப்பினா குழல் எப்ப வரும்?"

எனக்குக் காது அடைத்தது. குழல் பட்டறையில் எப்போதும் வரிசை நீளம். அக்டோபருக்குத் துப்பாக்கி வேண்டுமென்றால் அதற்கு முந்தின அக்டோபரிலேயே குழலுக்கு எழுதிவிட வேண்டும். இது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். போன வருஷம் பக்கத்து வீட்டு ஹாஸ்கெல் ஜூலையில் போய்க் குழல் கேட்டபோது, வேலி ஓரமாக நின்று அவனுக்கு அரை மணி நேரம் இதைப் பற்றிப் பாடம் எடுத்தவனே நான்தான். ஜனவரியிலேயே நாள் தாண்டிவிட்டது என்பதுகூட உறைக்காமல், நாலரை மாதம் நீளத்தையும் கனத்தையும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு வரி எழுதி அனுப்பவில்லை.

"கிறிஸ்துமஸ் தாண்டித்தான் வரும்," என்றேன்.  எனக்கு அந்த எல்க் கூட ஞாபகம் வரவில்லை. ஜன்னலில் நின்று ஒன்பது அக்டோபர் என் வண்டியைப் பார்த்தவள்தான் ஞாபகம் வந்தாள். ஜூனில் அவள் கையில் என்ன கொடுப்பேன்? ரம்பத்தால் அறுத்த தண்ணீர்க் குழாயையா?

"உக்காரு, விழுந்துடப் போறே," என்று ஓரின் முக்காலியை நகர்த்தினான். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து, கம்பளித் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்துப் பிரித்தான்.

துப்பாக்கி. மெல்லிய குழல். வால்நட் கட்டை, எண்ணெய் தேய்த்துத் தேய்த்து உள்ளே வெளிச்சம் இருப்பது போலத் தெரிந்தது. தூக்கிப் பார்த்தேன், கை தானாக மேலே போனது. தோளில் வைத்தேன். கட்டை எனக்குக் குட்டை. என் கட்டைவிரல் என் மூக்கிலேயே இடித்தது. விசைக் காப்பில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. 'வெர்லா தோர்சன். குழல் 20. மெல்லிசு. முறுக்கு 8.' கீழே எழுதிய தேதி. போன அக்டோபர்.

"ஓரின், நான் இதைப் பத்தி யோசிச்சதே ஜனவரியில."

"தெரியும். ஜனவரியில நீ வந்து நிப்பேன்னு அவ அக்டோபர்லயே சொன்னா. தோள் அளவும் அப்பவே குடுத்துட்டா. குழல் ஏப்ரல்ல வந்துச்சு. அவ ஜன்னலுக்குத்தானே வரும், அவளே கொண்டாந்து குடுத்துட்டுப் போனா."

"அப்ப ஏன் என்னை நாலரை மாசம் பேச விட்டா? குழாயைத் தூக்கிக்கிட்டு அலைய விட்டா? ஜெல்லி போச்சு, விளக்குப் போச்சு."

ஓரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நானும் கேட்டேன். 'குளிர்காலம் பூரா அவன் எதையாவது தேர்ந்தெடுத்துக்கிட்டிருந்தா சந்தோஷமா இருப்பான் ஓரின், இருந்துட்டுப் போகட்டும்'னு சொன்னா. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உக்காந்தா நீ குழலைப் பத்திப் பேசறது அவளுக்குக் கேக்கப் பிடிச்சிருக்காம். இவ்வளவு பேச்சு நீ கல்யாணத்துக்கு முன்னாடிதான் பேசினியாம்."

நான் துப்பாக்கியைத் துணியில் மெதுவாகச் சுற்றினேன். அவள் மேல் கோபப்படலாமா என்று யோசித்தேன். கோபம் வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை.

"உனக்கு ஏன் முகம் வாடிச்சு?" என்று ஓரினைக் கேட்டேன்.

"பந்தயம். நீ இருபத்திரண்டுல பிடிவாதமா நின்னுடுவேன்னு நான் சொன்னேன். இருபதுக்கு வந்துடுவேன்னு அவ சொன்னா. தோத்தவன் உங்க வீட்டுப் புகைபோக்கியைத் துடைக்கணும்." அவன் சீட்டை அவிழ்த்துக் கிழித்துப் போட்டான். "இங்க பாரு, நான் காட்டினேன்னு சொல்லிடாதே. குழல் எழுதிட்டேன்னு மட்டும் சொல்லு. ஜூன்ல கொண்டுபோய்ப் பரிசாக் குடு. அவ ஆச்சரியப்படுவா."

"எப்படிப் படுவா? எல்லாம் தெரியுமே."

"ஒத்திகை பாத்துக்கிட்டிருக்கா. போன வாரம் எனக்கு ஒரு தடவை ஆச்சரியப்பட்டுக் காட்டினா. நல்லா வருது."

வீட்டுக்கு வந்தேன். வெர்லா வாசல் படியில் உட்கார்ந்து கடிதங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். மலையில் பனி உருகி, எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஒரு குடும்பத் தலைவனுக்குரிய மிடுக்கோடு அவள் முன்னால் போய் நின்றேன்.

"குழல் எழுதியாச்சு."

"அப்படியா. எத்தனை இஞ்சுன்னு எழுதின?"

"இருபது."

வெர்லா கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கவலையோடு ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லா யோசிச்சுதானே எழுதின எல்டன்? பின்னாடி நான் சொல்லித்தான் குறைச்சேன்னு என் தலையில பழியைப் போடக் கூடாது."